திரையில் தெரிந்த மஞ்சள் தாளில் எங்கே போனது?



ஐப்பசி பிறந்துவிட்டால் எமது ஊவா மலைகளில் வாழ்வோர் காலையில் எழுந்து வானத்தைப் பார்ப்பதற்கு முன்னர் வீட்டின் பின்புறத்து மண்மேட்டைப் பார்க்கின்றனர். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில், ஹல்துமுல்ல பிரதேச செயலாளர் பிரிவிலுள்ள கொஸ்லந்த மீரியபெத்த தோட்டத்தின் லயன்கள் மண்ணுள் புதைந்த நாள் முதல் இப்பழக்கம் எம்மவரிடையே வேரூன்றிவிட்டது. அதன் பின்னர் 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலைத் தோட்டத்திலும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த பெருமழையில் பதுளை, நுவரெலியா, கண்டி மாவட்டங்களின் பல இடங்களிலும் மண் சரிந்தது. வீட்டையும் தோட்டத்தையும் விட்டு வந்து, பாடசாலையிலும் பழைய தேயிலைத் தொழிற்சாலையிலும் நாட்களைக் கழித்தவர்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

இன்று இத்தகைய இடங்களிலெல்லாம் கணனி வந்துவிட்டது. மழைமானியில் அளந்த மழையை எமது பிள்ளைகள் விரிதாளிலே, அதாவது எக்செல் போன்ற செயலியிலே பதிந்து, வரைபாக்கிச் சுவரில் ஒட்டுகின்றனர். நிவாரணப் பெயர்ப் பட்டியலும், காணித் துண்டுகளின் படமும் கணனியிலிருந்தே வருகின்றன. ஆனால் திரையில் அழகாகத் தெரிவது தாளில் வரும்போது வேறொன்றாகிவிடுவதை நாம் அடிக்கடி காண்கிறோம். நிறம் போய்விடுகிறது, படம் பாதியில் வெட்டுப்படுகிறது, தொகை இருக்க வேண்டிய இடத்தில் ஏதோ குறிகள் நிற்கின்றன. இவை ஏன் நிகழ்கின்றன, எவ்வாறு திருத்துவது என்பதை இக்கட்டுரையில் எளிமையாகப் பார்ப்போம்.

"கணனி எங்களுக்கு எதற்கு? அது படித்த பிள்ளைகளின் வேலையல்லவா?" எனச் சிலர் கேட்கலாம். கணனியை இயக்குவது பிள்ளைகளாக இருக்கலாம். தாளைப் பார்த்து இரவோடு இரவாக வீட்டை விட்டு வெளியேற வேண்டியவர்கள் நீங்களே. ஆகவே தாள் சரியா பிழையா என்று கேட்கும் உரிமை உங்களுக்கே முதலில் உண்டு.

ஒரு பாட்டியின் கேள்வி

இதை எனக்குக் கற்றுத் தந்தவர் ஒரு பாட்டி. தவறு செய்தவன் நானே.

மண்சரிவு அபாயத்தினால் இடம்பெயர்ந்த குடும்பங்கள் தங்கியிருந்த மண்டபமொன்றிற்காக நான் ஒரு மழை வரைபு தயாரித்தேன். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயத்திற்கு மூன்று மழை எல்லைகளைப் பொதுவாகக் குறிப்பிடுகிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருக்க வேண்டும். 100 மில்லிமீற்றரானால் வெளியேற ஆயத்தமாக வேண்டும். 150 மில்லிமீற்றரானால், அல்லது ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் கொட்டினால், உடனே வெளியேற வேண்டும். இவற்றுக்கு முறையே மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு ஆகிய நிறங்கள் வழங்கப்படுகின்றன.

நானும் அவ்வாறே செய்தேன். சாதாரண மழைநாட்களுக்கு நீலச் சலாகை. 75ஐத் தாண்டிய நாளுக்கு மஞ்சள். 100ஐத் தாண்டினால் செம்மஞ்சள். 150ஐத் தாண்டினால் சிவப்பு. திரையிலே பார்க்கப் பூந்தோட்டம் போலிருந்தது. எம்மிடம் இருந்ததோ கறுப்பு மையில் மட்டும் அச்சிடும் பிரிண்டர். அதில் ஒரு பிரதி எடுத்து, கொமியூனிகேஷன் கடையில் பத்துப் போட்டோப் பிரதிகள் அடித்து, மண்டபத்திலும் கடைச் சந்தியிலும் ஒட்டுவித்தேன்.

மறுநாள் அப்பாட்டி தாளின் முன்னே வெகுநேரம் நின்றார். பின்னர் என்னை அழைத்தார்.

"சாமி, மஞ்சக் கட்டம் வந்தா முழிச்சிருக்கணும்னு சொன்னீங்களே, அது எங்க சாமி? எனக்குத்தான் கண்ணு தெரியலியா?"

அவர் கண்ணில் குறையில்லை. தாளில் மஞ்சள் இல்லை. மஞ்சள் சலாகைகள் இருந்த இடம் வெள்ளையாக இருந்தது. 75 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்த நாட்கள், ஒரு துளியும் பெய்யாத நாட்களைப் போலக் காட்சியளித்தன. அபாயமில்லாத நாட்களின் நீலச் சலாகைகளோ கன்னங்கரேலென நிமிர்ந்து நின்றன. எச்சரிக்க வேண்டிய தாள் எதிர்மாறாகப் பேசிக்கொண்டிருந்தது. அன்று மழை குறைவாயிருந்ததனால் எவருக்கும் தீங்கு நேரவில்லை. அதற்காக என் தவறு சிறிதாகிவிடாது.

நிறம் ஏன் மறைகிறது?

கறுப்பு மை மட்டும் உள்ள பிரிண்டர் நிறங்களைச் சாம்பல் நிறமாக மாற்றியே அச்சிடும். எந்த நிறம் எவ்வளவு கடுமையான சாம்பலாகும் என்பதற்குக் கணனியில் ஒரு கணக்கு உண்டு. வெள்ளையின் பிரகாசத்தை 100 எனக் கொண்டால், அதில் சிவப்பின் பங்கு ஏறத்தாழ 30, பச்சையின் பங்கு 59, நீலத்தின் பங்கு 11 என்பதே பரவலாகக் கையாளப்படும் கணக்கு. எமது கண்ணும் பச்சையையே மிகப் பிரகாசமாகவும் நீலத்தை மிக மங்கலாகவும் உணர்கிறது.

இக்கணக்கை எமது வரைபிற் போட்டுப் பாருங்கள். திரையில் மஞ்சள் என்பது சிவப்பும் பச்சையும் சேர்ந்தது. 30ஐயும் 59ஐயும் கூட்டினால் 89. அதாவது ஏறத்தாழ வெள்ளை. செம்மஞ்சள் 70 அளவில் வரும்; அது வெளிர் சாம்பல். சிவப்பு 30, அது கடும் சாம்பல். தூய நீலமோ 11. அது கிட்டத்தட்டக் கறுப்பு. ஆகவே கறுப்பு வெள்ளைத் தாளில் அபாயமற்ற நீலம் சிவப்பையும் மிஞ்சி முன்னே நிற்கும். விழிப்பூட்டும் மஞ்சள் காணாமற்போகும். அந்தத் தாளை மீண்டும் போட்டோப் பிரதி எடுக்கும்போது வெளிர் சாம்பலும் அழிந்துவிடும்.

பிரிண்டர் பழுதடையவில்லை. நிறத்தை மட்டும் நம்பி வரைபு செய்தவரே பிழை செய்தவர்.

திருத்தும் வழி

நிறத்தை நீக்கிவிட வேண்டியதில்லை. நிறம் போனாலும் பொருள் போகாதபடி வரைபை அமைத்தல் வேண்டும். அதற்கு நான்கு வழிகள் உள்ளன.

முதலாவது, ஒவ்வொரு சலாகையின் தலையிலும் மழையின் அளவை எண்ணாக எழுதுதல். எக்செலில் டேட்டா லேபல் என்பதைத் தெரிவு செய்தால் அது தானாகவே எழுதும்.

இரண்டாவது, 75, 100, 150 ஆகிய எல்லைகளைக் கிடைக்கோடுகளாக வரைதல். மழை அளவு உள்ள நிரலுக்குப் பக்கத்தில் மூன்று நிரல்களைச் சேர்த்து, ஒன்றில் எல்லா நாட்களுக்கும் 75 எனவும், மற்றதில் 100 எனவும், மூன்றாவதில் 150 எனவும் எழுதுங்கள். வரைபில் அவற்றைச் சலாகையாக அன்றிக் கோடாக மாற்றுங்கள். 75இன் கோட்டைப் புள்ளிக்கோடாகவும், 100இன் கோட்டை முறிகோடாகவும், 150இன் கோட்டைத் தடித்த முழுக்கோடாகவும் வைத்தால் எந்தப் பிரிண்டரும் அவற்றை அழிக்க முடியாது.

மூன்றாவது, அக்கோடுகளின் மேல் "விழித்திரு", "ஆயத்தமாகு", "வெளியேறு" எனத் தமிழிலும், தேவையான இடங்களிற் சிங்களத்திலும் எழுதுதல்.

நான்காவது, சலாகைகளுக்குக் கறுப்பு விளிம்பு போட்டு, உள்ளே சாய்கோடு, புள்ளி, கட்டம் என வேறுவேறு கோலங்களை நிரப்புதல். இதனை எக்செலில் பேட்டர்ன் பில் என்பர். எக்செல் 2007 பதிப்பில் இவ்வசதி தெரிவுப் பட்டியலில் இல்லை. 2010 பதிப்பிலே திரும்பவும் சேர்க்கப்பட்டது. பழைய கணனியைப் பயன்படுத்தும் சங்கங்கள் முதல் மூன்று வழிகளோடு நின்றாலும் போதும்.

வரைபே அச்சாகாவிட்டால்

சில வேளைகளில் எண்கள் மட்டும் அச்சாகி, வரைபு இருந்த இடம் வெறுமையாக வரும். அப்போது மூன்று இடங்களைப் பாருங்கள்.

பேஜ் செட்டப் என்ற பெட்டியில் ஷீட் என்ற பகுதியைத் திறந்தால் டிராப்ட் குவாலிட்டி என ஒரு சிறு சதுரம் உண்டு. மையையும் நேரத்தையும் மிச்சப்படுத்த யாரோ அதிற் சரி அடையாளம் இட்டிருக்கலாம். அது இருந்தால் படங்கள் விடுபட்டுப் போகலாம். அடையாளத்தை எடுத்துவிடுங்கள்.

அதன் அருகிலேயே பிளாக் அண்ட் வைட் என்ற சதுரமும் உண்டு. அதில் அடையாளம் இருந்தால் கலங்களுக்கு நீங்கள் பூசிய பின்னணி நிறங்கள் அச்சாகமாட்டா. அபாய வீடுகளைப் பட்டியலில் நிறம் பூசிக் காட்டியிருந்தால் அவை மற்ற வீடுகளோடு கலந்துவிடும்.

மூன்றாவதாக, வரைபின் மீது வலப்பக்கப் பொத்தானை அமுக்கி, அதன் அமைப்பில் புரொப்பர்ட்டீஸ் என்ற பகுதிக்குப் போனால் பிரிண்ட் ஒப்ஜெக்ட் என்று இருக்கும். அதிற் சரி அடையாளம் இல்லாவிட்டால் அந்த வரைபு திரையில் மட்டுமே தெரியும், தாளுக்கு வராது.

இதற்கு மாறாக, வரைபு மட்டும் முழுத் தாளில் வந்து பட்டியல் வராமற் போவதும் உண்டு. அச்சிடும் நேரத்தில் வரைபைச் சொடுக்கித் தெரிவு செய்திருந்தால் எக்செல் அதை மட்டுமே அச்சிடும். வெளியிலுள்ள ஏதாவதொரு கலத்தைச் சொடுக்கிவிட்டு மீண்டும் அச்சிட்டால் இரண்டும் வரும்.

படம் இரண்டாக வெட்டுப்பட்டால்

விரிதாளுக்கு ஓரம் கிடையாது. அது எமது வெலிமடைக் காய்கறி வயல் போல நீண்டுகொண்டே போகும். தாளுக்கு ஓரம் உண்டு. ஓரத்தில் வந்து நிற்கும் வரைபை எக்செல் இரக்கமின்றி வெட்டி, மறுபாதியை அடுத்த தாளில் அச்சிடும். கடைசி நாட்களின் மழை இரண்டாவது தாளிற் போய்விட, முதல் தாளை மட்டும் சுவரில் ஒட்டினால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

பேஜ் பிரேக் பிரிவியூ என்ற காட்சியைத் திறந்தால் தாள் எங்கே முடிகிறது என்பது கோடாகத் தெரியும். தாளை அகலப் பக்கமாகத் திருப்ப லேண்ட்ஸ்கேப் என்பதைத் தெரிவு செய்யுங்கள். அகலம் ஒரு பக்கம் என அமைத்தால் படம் சுருங்கி ஒரே தாளில் அடங்கும். நீண்ட பெயர்ப் பட்டியலாயின் உயரத்தையும் ஒரு பக்கம் என அமைக்க வேண்டாம். அவ்வாறு செய்தால் நூறு பெயர்களும் எறும்புபோற் சிறுத்து, மூக்குக்கண்ணாடி போட்டவருக்கும் தெரியாமற் போகும். உயரத்தை அப்படியே விட்டு, தலைப்பு நிரை ஒவ்வொரு பக்கத்திலும் வரும்படி பிரிண்ட் டைட்டில்ஸ் என்பதில் அமையுங்கள்.

தாளின் அளவும் கவனிக்க வேண்டியதே. எமது நாட்டில் விற்பது ஏ4 தாள். அது 210 மில்லிமீற்றர் அகலமும் 297 மில்லிமீற்றர் நீளமும் கொண்டது. பல கணனிகளில் அமெரிக்க லெட்டர் தாளே முன்கூட்டி அமைந்திருக்கும். அதன் அகலம் 216, நீளம் 279 மில்லிமீற்றர். ஆகவே ஓரத்திலுள்ள எழுத்துகள் வெட்டுப்படலாம். அல்லது பிரிண்டர் வேறு தாள் கேட்டு வேலை செய்யாமல் நிற்கலாம். அமைப்பை ஏ4 என மாற்றினால் இத்தொல்லை தீரும்.

தொகை இருக்க வேண்டிய இடத்தில் வேலி

ஒரு தங்குமிடத்தில் நிவாரணப் பட்டியல் ஒட்டப்பட்டபோது, சில பெயர்களுக்கு நேரே தொகைக்குப் பதிலாக ஹேஷ் எனப்படும், பின்னிய வேலி போன்ற குறிகள் வரிசையாக நின்றன. "எங்கள் தொகையை மறைத்துவிட்டார்கள்" என்று சனங்கள் கொதித்தெழுந்தனர். யாரும் எதையும் மறைக்கவில்லை. நிரலின் அகலம் எண்ணுக்குப் போதவில்லை, அவ்வளவே.

எண்ணைப் பாதியாக வெட்டிக் காட்டினால் 125,000 என்பது 125 எனத் தோன்றி ஏமாற்றமாகும். அதனாற்றான் எக்செல் எண்ணை வெட்டாமல் வேலிக் குறிகளால் நிரப்பிவிடுகிறது. திரையின் அளவும் பிரிண்டரின் அளவும் மயிரிழை வேறுபடுவதனால், திரையிற் சரியாகத் தெரிந்த தொகைகூடத் தாளில் வேலியாக மாறுவதுண்டு. நிரலின் தலைப்பு எல்லைக்கோட்டில் இருமுறை சொடுக்கினால் நிரல் தேவையான அளவு விரியும். அதன் பின்னர் இன்னும் சற்று அகலமாக்கி விடுவது நல்லது.

பெயர்களுக்கோ இந்தப் பாதுகாப்பு இல்லை. பக்கத்துக் கலம் நிரம்பியிருந்தால் நீண்ட பெயர் சத்தமின்றி வெட்டுப்படும். ஒரே முதலெழுத்தும் ஒரே தகப்பன் பெயரும் உள்ள இருவர் ஒரே லயத்தில் இருந்தால் யார் எவர் எனத் தெரியாமற்போகும். வ்ராப் டெக்ஸ்ட் என்ற வசதி பெயரை மடித்து இரண்டு வரியில் எழுதும். பட்டியலில் உங்கள் பெயர் பாதியாக இருந்தாலோ, தொகை தெரியாவிட்டாலோ கோபிப்பதற்கு முன் பொறுப்பாளரிடம், "நிரலை அகலமாக்கி மறுபடி அச்சிட்டுத் தாருங்கள்" என்று கேளுங்கள். அப்போதும் தொகை தெரியாவிட்டால் வேறு கேள்விகளைக் கேட்கலாம்.

தமிழ் எழுத்து ஆங்கிலமாக மாறினால்

எமது நாட்டில் நீண்டகாலம் பாமினி என்ற எழுத்துருவிலேயே தமிழ் தட்டச்சுச் செய்யப்பட்டு வந்தது. இன்றும் பல அலுவலகங்களில் அது உண்டு. பாமினியில் "மழை" எனத் தட்டினால் கணனிக்குள் உண்மையில் இருப்பது கே, ஐ, ஓ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளே. பாமினி அவற்றுக்குத் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. கடைக்காரரின் கணனியில் பாமினி இல்லையெனில் போர்வை விலகி அம்மூன்று ஆங்கில எழுத்துகளே தாளில் வரும்.

யூனிகோட் முறையில் தட்டச்சுச் செய்தால் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் கணனிக்குள் அதற்கேயுரிய எண் இருக்கும். எழுத்துரு மாறினாலும் தமிழ் தமிழாகவே நிற்கும். வரைபின் தலைப்பு, அச்சுப் பெயர்கள், விளக்கக் குறிப்பு ஆகியவற்றையும் யூனிகோடிலேயே எழுத வேண்டும். பட்டியலை மாற்றிவிட்டு வரைபின் தலைப்பை மறந்துவிடுவோர் பலர்.

சிறு மழையும் பெரு மழையாகத் தோன்றலாம்

இது பிரிண்டரின் பிழையன்று. ஆயினும் தாளில் வந்து ஏமாற்றுவது. வரைபின் உயரத்தை எக்செல் தானாகவே தீர்மானிக்கும். ஒரு வாரத்தின் மிகக் கூடிய மழை 20 மில்லிமீற்றராயின் அச்சலாகை தாளின் உச்சிவரை எழும். அடுத்த வாரம் 160 மில்லிமீற்றர் பெய்தாலும் அதே உயரமே எழும். இரண்டு தாள்களையும் பக்கத்திற் பக்கமாக ஒட்டினால் இரண்டும் ஒரே மழை போலத் தோன்றும்.

ஆகவே நிலைக்குத்து அச்சின் மீது வலப்பக்கப் பொத்தானை அமுக்கி, போர்மட் அக்ஸிஸ் என்பதில் மிகக் குறைந்த அளவை 0 எனவும் மிகக் கூடிய அளவை 200 எனவும் நீங்களே எழுதிவிடுங்கள். எல்லா வாரங்களுக்கும் அதே அளவைப் பேணுங்கள். 200ஐத் தாண்டிய மழை வந்தால் அன்று அளவைக் கூட்டி, பழைய தாள்களையும் அதே அளவில் மீண்டும் அச்சிடுங்கள்.

இவ்வாறே, நிரைகளைச் சேர்க்கும்போது வரைபு இழுபட்டு நெளிவதுண்டு. வரைபின் புரொப்பர்ட்டீஸ் பகுதியில், கலங்களோடு சேர்ந்து அளவு மாறாதபடி அமைத்துவிட்டால் அது தன் உருவத்தில் நிற்கும்.

அபாய வரைபடத்தைச் சுருக்கினால்

தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய வலய வரைபடங்கள் 1:50,000, 1:10,000 ஆகிய அளவுத்திட்டங்களிலே தயாரிக்கப்படுகின்றன. 1:10,000 என்றால் தாளில் ஒரு சென்ரிமீற்றர் நிலத்தில் 100 மீற்றர். இதனைப் பிரதி எடுக்கும்போது சுருக்கினாலோ பெருப்பித்தாலோ ஓரத்தில் எழுதிய 1:10,000 மாறாது. நிலத்தின் கணக்கோ மாறிவிடும்.

ஏ4 தாளில் உள்ளதை ஏ3 தாளுக்குப் பெருப்பித்தால் நீளம் 141 வீதமாகும். இப்போது ஒரு சென்ரிமீற்றர் ஏறத்தாழ 71 மீற்றரே. தாளில் அளந்து, "எங்கள் வீடு சரிவிலிருந்து 100 மீற்றர் தள்ளி இருக்கிறது" என்று ஒருவர் ஆறுதலடைவார். உண்மையில் அவர் 71 மீற்றரில் இருப்பார். ஆகவே எழுதிய எண்ணை நம்பாமல், வரைபடத்தில் மீற்றர் குறித்து வரைந்த அளவுக் கோட்டையே நம்புங்கள். படம் சுருங்கினால் கோடும் சுருங்கும். பெருத்தால் கோடும் பெருக்கும். அக்கோடு இல்லாத வரைபடத்தின் பிரதியை வைத்துத் தூரம் அளத்தல் ஆகாது.

கடைக்குக் கொண்டுபோகும்போது

எக்செல் கோப்பை அப்படியே கடைக்குக் கொண்டுபோனால் அங்குள்ள கணனி, எழுத்துரு, பிரிண்டர் எல்லாம் வேறாகையால் பக்கங்களும் இடம் மாறும். அதனை முதலில் பிடிஎப் கோப்பாகச் சேமித்துக் கொண்டுபோவதே உத்தமம். பிடிஎப்பிற்குள் எழுத்துருவும் பக்க அமைப்பும் அடங்கிவிடுவதனால், வீட்டிற் பார்த்ததே பெரும்பாலும் கடையிலும் வரும். அளவு மாறக்கூடாத படமாயின் கடைக்காரரிடம், "அக்சுவல் சைஸ்" எனத் தெரிவு செய்து அச்சிடும்படி கூறுங்கள்.

பக்கத்தின் மேற்பாதி மட்டும் அச்சாகிக் கீழ்ப்பாதி வெறுமையாக வந்தால், அல்லது ஒளி ஊடுருவும்படி நிறம் பூசிய இடம் கறுப்புப் பெட்டியாக வந்தால், பழைய பிரிண்டரின் நினைவகமோ அதன் இயக்கச் செயலியோ அப்படத்தைத் தாங்கவில்லை என்று ஊகிக்கலாம். நிழல், ஊடுருவும் நிறம் முதலிய அலங்காரங்களை நீக்குங்கள். பிரிண்டரின் நுணுக்கத்தை 600இலிருந்து 300 ஆகக் குறையுங்கள். அல்லது பிடிஎப்பை படமாக அச்சிடும் வசதியைப் பயன்படுத்துங்கள். அலங்காரம் குறைந்த வரைபே பெரும்பாலும் நன்றாக வாசிக்கவும் படுகிறது.

சுவரில் ஒட்டுவதற்கு முன்

பின்வரும் ஏழு கேள்விகளை வெட்டி எடுத்துக் கணனியின் பக்கத்தில் ஒட்டி வையுங்கள்.

1. அச்சிட்ட தாளை ஒருமுறை போட்டோப் பிரதி எடுத்துப் பார்த்தோமா? பிரதியிலும் மூன்று எல்லைகளும் தெளிவாகத் தெரிகின்றனவா?

2. நிறத்தின் பெயரைச் சொல்லாமல் வரைபை விளக்க முடிகிறதா?

3. முதல் நாளும் கடைசி நாளும் ஒரே தாளில் இருக்கின்றனவா?

4. எந்தத் தொகையாவது வேலிக் குறியாக மாறியுள்ளதா? எந்தப் பெயராவது வெட்டுப்பட்டுள்ளதா?

5. தமிழ் தமிழாகவே வந்துள்ளதா?

6. அச்சு 0இல் தொடங்குகிறதா? சென்ற வாரத் தாளின் அளவும் இதுவும் ஒன்றா?

7. தயாரிப்பில் பங்குபற்றாத ஒருவரிடம், முடிந்தால் முதியவர் ஒருவரிடம், தாளைக் கொடுத்து "எந்த நாளில் நாம் வெளியேற வேண்டும்?" என்று கேட்டோமா?

ஏழாவது கேள்வியே மற்ற ஆறினையும் சோதிக்கும் கேள்வி. அன்று அப்பாட்டியிடம் முதலிலேயே கேட்டிருந்தால் பத்துப் பிரதிகளையும் சந்திகளில் ஒட்டிவிட்டு மீண்டும் போய்க் கிழித்து எடுக்கும் வேலை எனக்கு ஏற்பட்டிராது. இரண்டாம் முறை எண்களும் கோடுகளும் போட்ட தாளைக் கொண்டுபோய் அவரிடமே முதலிற் காட்டினேன். விரலால் தடித்த கோட்டைத் தொட்டு, "இதுக்கு மேல போனா பிள்ளைகளக் கூட்டிக்கிட்டு கிளம்பணும், அதானே சாமி?" என்றார். அதன் பின்னரே அதை ஒட்டினோம்.

தாளும் காலும்

இறுதியாக ஒன்று. மழை வரைபு ஓர் உதவி மட்டுமே. நிலத்தில் புதிய வெடிப்புகள், இறுகித் திறக்க மறுக்கும் கதவுகள், சாயும் மரங்களும் கம்பங்களும், திடீரெனத் தோன்றும் ஊற்று, கலங்கி வரும் நீரூற்று ஆகியவற்றைக் கண்டால் மழையின் அளவு 75ஐத் தொடவில்லையே என்று காத்திருக்க வேண்டாம். கிராம உத்தியோகத்தருக்கு அறிவியுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தை அழையுங்கள். அதிகாரிகள் வெளியேறும்படி அறிவித்தால் உங்கள் தாளில் என்ன இருந்தாலும் வெளியேறுங்கள்.

மீரியபெத்தவில் அபாயம் உண்டு என 2005இலும் 2011இலும் முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை தாளில் இருந்தது. மக்கள் லயத்திலேயே இருந்தனர். உயிர் தப்பியோருக்குப் பூனாகலை மகல்தெனியவில் புதிய வீடுகள் 2016இலேயே கிடைத்தன. அங்கே பிழைத்தது பிரிண்டர் அன்று. போக இடமின்றி, காணியின்றி வாழ்ந்த ஒரு சமூகத்திற்கு வெறும் எச்சரிக்கை போதாது என்பதே அதன் பாடம். பாதுகாப்பான காணிக்கும் வீட்டுக்குமான எமது கோரிக்கையை எந்த வரைபும் ஈடுசெய்யாது.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பர் எம் முன்னோர். திரையிலுள்ள சிவப்பும் அப்படித்தான். அது தாளில் தெளிவாக இறங்கி, தாளிலிருந்து வாசிப்பவரின் மனத்தில் இறங்கி, மனத்திலிருந்து கால்களில் இறங்கினால் மட்டுமே ஒரு குடும்பம் காப்பாற்றப்படும். அடுத்த மழைக்கு முன்னர் உங்கள் மண்டபச் சுவரில் உள்ள தாளின் முன்னே ஒருமுறை போய் நில்லுங்கள். விளங்காவிட்டால் வெட்கப்படாமற் கேளுங்கள்.